கூரையிலிருந்து இறங்கிய தக்காளி

தொர்ரெசெக்கா, ஜனவரி 16

அன்புள்ள தம்பி திரிஃபோனேவுக்கு,

நேற்று மாலை ஐந்து மணி பத்து நிமிடத்துக்கு, நாற்பத்தாறு தொழிலாளர்களும் பங்குச் சாமியார் தோன் ருஜ்ஜேரோவும் சாட்சியாக நிற்க, ஒரு முடிவு எடுக்கப்பட்டது. வரும் கோடையிலிருந்து நம் தொழிற்சாலைக் கூரையில் யாரும் தக்காளி காயவைக்கக் கூடாது. நாற்பத்தொரு கோடைகளாக நடந்துவந்த வழக்கம். நான் அறிவித்தபோது இரண்டு பேர் தொப்பியைக் கழற்றினார்கள். வேறு யார் வாயாலும் இது உன் காதுக்கு வந்துவிடக் கூடாது என்பதால் நானே எழுதுகிறேன்.

காரணம் சிறியது. கூரை முழுக்க சோலார் பேனல் வருகிறது. நம் ஜன்னல் ஷட்டர்களில் மூன்றில் இரண்டு பங்கை வாங்கும் டென்மார்க்காரர்கள் நிபந்தனை போட்டிருக்கிறார்கள். ஜூலை மாதம் நாம் செலவழிக்கும் மின்சாரத்தில் ஐந்தில் நான்கு பங்கு நம் கூரையிலிருந்தே வர வேண்டும். அவர்களே ஆள் அனுப்பி மீட்டரைப் படிப்பார்கள். குறைந்தால் ஷட்டரை வேறு எங்காவது வாங்கிக்கொள்வார்கள். அவர்கள் போனால் நாற்பத்தாறு பேரில் பதினைந்து பேருக்குத்தான் இங்கே வேலை மிஞ்சும். வெயிலை மறைக்கும் பொருளை வெயிலைக் கொண்டே செய்யச் சொல்கிறார்கள். எனக்கு ஆட்சேபனை இல்லை.

கணக்குத் தாளை இணைத்திருக்கிறேன். நீ பாதிப் பங்குக்காரன்; உன் கையெழுத்து வேண்டும். போனில் பேசலாமே என்று கேட்காதே. தொழில் விஷயத்தை நாம் இருவரும் எழுத்தில் மட்டுமே பேச வேண்டும் என்று அப்பா ஒப்பந்தப் பத்திரத்திலேயே போட்டுவிட்டுப் போனார். நம் குரல்கள் அவருக்குத் தெரியும்.

என் முழங்கால் என்னைவிட அரை அடி பின்னால் வருகிறது. மற்றவையெல்லாம் சேர்ந்தே வருகின்றன. நீ சுகமா? அந்த ஊர்ச் சாப்பாடு எப்படி என்று நான் கேட்கப் போவதில்லை.

உன் அக்கா
தொனாத்தா


மான்ஹைம், பிப்ரவரி 2

அன்புள்ள அக்காவுக்கு,

உன் முழங்காலை வைத்தியரிடம் காட்டு. தோன் ருஜ்ஜேரோவிடம் காட்டாதே. இங்கே குளிர் அதன் கடமையைச் செய்கிறது, நான் என்னுடையதைச் செய்கிறேன். அலுவலகத் தாளில் எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். வேறு தாள் கைவசம் இல்லை.

கணக்கை மூன்று முறை சரிபார்த்தேன். கூரையின் சாய்வு, பேனல்களின் எண்ணிக்கை, வேலை நேரம் காலை ஆறரை முதல் மாலை ஏழு வரை, எல்லாம் பொருந்துகிறது. ஐந்தில் நான்கு பங்கு எளிதாக வரும். கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன். பூச்சைச் சூட்டில் உலர்த்தும் பெயின்ட் ஓவன்கள் முழுவதும் என் பொறுப்பில் இருக்கும் ஒரு தொழிற்சாலையிலிருந்து சொல்கிறேன், கவலையே வேண்டாம்.

ஒன்று மட்டும் சொல்வேன். பேனல் வந்தால் போதாது, பழக்கங்களும் மாற வேண்டும். இங்கே நின்றபடியே ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தின்றுவிட்டு அரை மணியில் வேலைக்குத் திரும்புகிறோம். இருபத்தாறு ஆண்டுகளாக நான் ஒரு மதியம்கூடக் கண்ணை மூடியதில்லை. நம் ஊரில் இதைச் சொன்னால் நோய் என்பார்கள்.

அது இருக்கட்டும், தக்காளியை எங்கே வைப்பதாக உத்தேசம்?

அன்புத் தம்பி
திரிஃபோனே


தொர்ரெசெக்கா, மார்ச் 27

அன்புள்ள தம்பிக்கு,

நலம். உன் நலத்தையும் இங்கே மூன்று பேர் விசாரித்தார்கள். அவர்களில் ஒருவர் உனக்குப் பெண் பார்க்கிறார். நான் தடுக்கவில்லை.

சனிக்கிழமை பேனல்களுக்குத் திறப்பு விழா. மேயர் நாடாவை வெட்டினார். தோன் ருஜ்ஜேரோ ஏணியில் ஏறி வரிசை வரிசையாகப் புனித நீர் தெளித்தார். பாரி நகரிலிருந்து வந்த பொறியாளர் நெளிந்தார். புனித நீரில் உப்பு உண்டு; பேனலில் உப்பு நீர் படக் கூடாதாம். சாமியார் கீழே இறங்கியதும் நம் ஓவன் பொறுப்பாளர் கதால்தோ அவரை மடக்கினான். அவன்தான் தொழிலாளர் பிரதிநிதியும் என்பதால் அவன் எதைக் கேட்டாலும் நாற்பத்தாறு பேர் சேர்ந்து கேட்டது மாதிரி இருக்கும்.

"சாமி, எங்க கூரை போச்சு. தக்காளிக்கு சர்ச் கூரையக் குடுங்களேன்."

"கதால்தோ, அது தேவனோட வீடு. மளிகைக் கடை இல்ல."

"தேவன் தக்காளி சாப்பிட மாட்டாரா?"

"சாப்பிடுவாரு. உன் வீட்டுக்கு வந்து சாப்பிடுவாரு."

ஆகவே தக்காளி இனி கார் நிறுத்துமிடத்தில். கார்கள் தெருவில். தெருவில் நின்றுகொண்டிருந்தவர்கள் எங்கே போவார்கள் என்று இன்னும் முடிவாகவில்லை.

ஏப்ரல் மீட்டர் வந்ததும் எழுதுகிறேன். எண்ணிக்கை உன்னைச் சந்தோஷப்படுத்தும்.

அக்கா
தொனாத்தா


தொர்ரெசெக்கா, மே 2

அன்புள்ள தம்பிக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். நான் உட்கார்ந்திருக்கிறேன்.

ஏப்ரல் மீட்டர் நூற்றுக்கு முப்பத்தெட்டு. எண்பது வேண்டும்.

பாரிப் பொறியாளரை வரவழைத்தேன். வடக்கே படித்தவர்; பிற்பகல் இரண்டரைக்கு வந்துவிட்டார். கதவைத் திறக்க ஆள் இல்லை. நாலரை வரை வாசலில் நின்றவர், பொழுது போகாமல் வெளி மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் வந்து கதவைத் திறந்ததும் நடந்த உரையாடலை அப்படியே தருகிறேன்.

"மேடம், ரெண்டரையிலேர்ந்து உங்க கூரையில பேயாட்டம் கரன்ட் வருது. எல்லாம் ஊருக்குப் போயிட்டிருக்கு. உள்ள ஒரு மெஷின்கூட ஓடல. ஏன்?"

"நீங்க வந்த நேரம் என்னன்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும். அந்நேரம்தான் சூரியன் வேலை செய்யுற நேரம்."

"அது கொந்த்ரோரா. ஊரே தூங்குற நேரம்."

"கணக்குத் தாள்ல ஆறரையிலேர்ந்து ஏழு வரைக்கும்னு எழுதியிருந்தீங்களே?"

எழுதியது நான்தான். ஒரு மணிக்குச் சங்கு ஊதுவதும், ஊரே ஷட்டரை இறக்கிவிட்டுப் படுப்பதும், நாலரைக்கு எழுவதும் எனக்குத் தெரியாததா? ஆனால் வேலை நேரத்தை எழுதச் சொன்னால் தூங்கிய நேரத்தை யார் கழிப்பார்கள்? மூச்சு விட்ட நேரத்தைக் கழிப்பது போல. பொறியாளர் சொன்ன பிறகு யோசித்துப் பார்த்தேன். ஐம்பத்தெட்டு வயதில், இந்த ஊர் வெயிலை மூன்று மணிக்கு நான் பார்த்ததே இல்லை. நாங்கள் யாரும் பார்த்ததில்லை. அதை நம்பித்தான் கூரை போட்டிருக்கிறோம்.

பேட்டரி வைக்கலாம் என்று நீ எழுதுவாய். விலை கேட்டேன். அதனால்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

எனக்குப் புரியாதது ஒன்றுதான். அதே தாளை நீயும் மூன்று முறை பார்த்தாய். மதியம் கண் மூடாத ஊரில் இருபத்தாறு ஆண்டுகள் இருந்தவனுக்கு அந்த மூன்றரை மணி நேரம் கண்ணில் பட்டிருக்க வேண்டும். வியாழக்கிழமை உன் அலுவலகத்துக்கு போன் செய்தேன். தொழில் விஷயம் பேச அல்ல, பத்திரத்தை நான் மீறவில்லை. ஒரு பெண் மிகவும் மரியாதையாகப் பேசினாள். உன் பெயரைச் சொன்னதும் நவம்பர் மாதத்தைப் பற்றி ஏதோ சொன்னாள். அதைப் பற்றி வேறொரு சமயம் பார்த்துக்கொள்ளலாம்.

உடம்பைக் கவனித்துக்கொள்.

அக்கா
தொனாத்தா


மான்ஹைம், ஜூன் 6

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும். வேலை அதிகம். நலமாக இருக்கிறேன். நீ போன் செய்தபோது எடுத்த பெண் புதியவள்; அவளுக்கு எல்லோரையும் தெரியாது.

தாள் விஷயத்தில் தவறு என்னுடையதும்தான். திருத்தம் இதோ. தொழிற்சாலை முழுவதையும் மதியம் எழுப்ப வேண்டியதில்லை. பெயின்ட் ஓவனை மட்டும் எழுப்பு. நம் மின்சாரத்தில் முக்கால் பங்கை அதுதான் தின்கிறது. காலையில் ஓவனைத் தொடாதே. வெட்டுவது, வளைப்பது, பொருத்துவது எல்லாம் பழைய நேரத்திலேயே நடக்கட்டும். வெட்டிய ஷட்டர்ப் பட்டைகளைச் சேர்த்துவைத்து, பதினொரு மணிக்கு ஓவனை மூட்டி நாலரைக்கு அணை. எண்பத்திரண்டு வரும். எண்பத்தொன்றுக்குக் குறைந்தால் என் பங்கை நீ எடுத்துக்கொள்ளலாம்.

பட்டைகளை ஓவனில் ஏற்ற ஐந்து பேர், பொறுப்பாக ஓவன் தெரிந்த ஒருவர். ஆறே பேர் தூங்காமல் இருந்தால் போதும். ஆறு பேர் கிடைக்க மாட்டார்களா?

திரிஃபோனே


தொர்ரெசெக்கா, ஜூன் 12

அன்புள்ள தம்பிக்கு,

நலம். இந்த முறை நீ எழுதிய கட்டம் போட்ட தாள் நன்றாக இருக்கிறது. எழுத்து நேராக வருகிறது. அலுவலகத் தாளைவிட இதுவே உனக்குப் பொருத்தம் என்று தோன்றுகிறது.

உன் கணக்கைப் பொறியாளர் ஒப்புக்கொண்டார். உடனே கூட்டம் போட்டேன். கதால்தோ எழுந்தான்.

"முதலாளியம்மா, நான் சம்பளம் கூடக் கேக்கல. சட்டம் பேசல. ஒரே ஒரு கேள்வி. மத்தியானம் மூணு மணிக்கு மனுஷன் எங்க இருக்கணும்?"

"ஓவன் முன்னாடி."

"அம்மா, நான் வெளையாடல."

"நானும்தான். ஜூலையில எண்பது வரலேன்னா முப்பத்தோரு பேரு மூணு மணிக்கு மட்டுமில்ல, நாள் பூரா வீட்டுல தூங்கலாம்."

ஓவன் தெரிந்த இன்னொருவரான ஜாக்கினோவைப் பார்த்தேன். மதியத்தில் எழுப்பினால் அழும் மனிதர் அவர். இப்போதே கண் கலங்கியிருந்தது. அப்போது பின்வரிசையிலிருந்து, பேக்கிங் பிரிவில் இருக்கும் கதால்தோவின் மனைவி நுன்சியா கையைத் தூக்கினாள்.

"ஏத்தற வேலைக்கு நான் வரேன்மா."

கதால்தோ திரும்பினான். "நீயா? தூக்கத்துக்கு என்னடி பண்ணுவ?"

"எந்தத் தூக்கம்?"

"மத்தியானத் தூக்கம்டி!"

"முப்பது வருஷமா நீ சாப்பிட்ட தட்டெல்லாம் மத்தியானம் யாரு கழுவுனான்னு நெனச்சிட்டிருக்க? தேவதூதனா?"

கதால்தோ யோசித்தான். உண்மையாகவே யோசித்தான் என்பதுதான் அங்கிருந்த பெண்களைக் கோபப்படுத்தியது. வரிசையாகக் கைகள் எழுந்தன. ஐந்து பேர் கேட்ட இடத்தில் பதினொரு பேர். கொந்த்ரோராவில் இந்த ஊரில் பாதிப் பேர் ஒருநாளும் தூங்கியதில்லை என்ற தகவல் அன்றைய கூட்டக் குறிப்பில் முறைப்படி பதிவாகியிருக்கிறது.

"அப்ப அந்தத் தட்டெல்லாம்?" என்று ஒரு குரல் கேட்டது.

"ஊற வைங்க. ஏழு மணிக்கு நீங்க கழுவலாம்" என்றாள் நுன்சியா.

ஆக ஐந்து பேர் தயார். ஓவன் பொறுப்புக்குத்தான் ஆள் இல்லை. கதால்தோ மறுக்கிறான், ஜாக்கினோ அழுகிறார். சான்றிதழ் இல்லாதவர்களை ஓவன் முன்னால் நிறுத்த முடியாது. ஓவன் தெரிந்தவனும் மதியம் தூங்காதவனுமான ஒருவன் வேண்டும். உன் சாட்சியத்தின்படியே அப்படி ஒருவனை எனக்குத் தெரியும்.

விடுமுறை கிடைக்குமா என்று உன் அதிகாரிகளிடம் கேட்டுப் பார். கொடுப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

மாடி அறையின் ஷட்டர் சிக்கிக்கொண்டிருந்தது. புதியது போட்டுவிட்டேன்.

அக்கா
தொனாத்தா


மான்ஹைம், ஜூன் 19

அன்புள்ள அக்காவுக்கு,

அதிகாரிகளிடம் கேட்டேன். பெருந்தன்மையாகச் சம்மதித்தார்கள். நான்கு வாரம். ஜூலை முதல் தேதி காலை வருகிறேன்.

வேலைக்கு வருமுன் ஒரு விஷயத்தை எழுத்தில் தெரிவிப்பது என் கடமை. பாதுகாப்பு சம்பந்தப்பட்டது. பிப்ரவரியில் நான் எழுதிய ஒரு வாக்கியம் முழுவதும் சரியில்லை. நவம்பரிலிருந்து எனக்கு மதியம் சற்றுக் கண் அசருகிறது. இரண்டு மணி சுமாருக்குத் தொடங்கி நாலு வரை. முதலில் நாற்காலியில் நடந்தது. இப்போது கட்டிலில் நடக்கிறது. உன் கணக்குத் தாள் வந்தபோதும் அந்த வழக்கம் இருந்தது. அதனால்தான் எனக்கும் தோன்றவில்லை.

ஓவன் முன்னால் அப்படி நடக்கக் கூடாது. இதை அறிந்த பிறகும் உனக்குச் சம்மதமானால் வருகிறேன்.

உன் முழங்கால் எப்படி இருக்கிறது?

திரிஃபோனே


தொர்ரெசெக்கா, ஜூன் 22

அன்புள்ள தம்பிக்கு,

முழங்கால் நலம். பாதுகாப்பு அறிக்கை கிடைத்தது, கோப்பில் சேர்த்துவிட்டேன். நவம்பர் என்ற மாதத்தைப் பற்றி எனக்குக் கேள்வி எதுவும் இல்லை.

உன் அசதியைப் பற்றி, ஏற்றும் வேலைக்குத் தலைவியான நுன்சியாவிடம் மட்டும் சொன்னேன். அவள் பதில்: "வரச் சொல்லுங்கம்மா. ஆம்பளைய எழுப்பறதுல எனக்கு முப்பது வருஷ அனுபவம்."

ரயிலில் வா. கார் நிறுத்துமிடத்தில் தக்காளித் தட்டுகளைப் பரப்ப ஆரம்பித்துவிட்டார்கள்.

அக்கா
தொனாத்தா


ஆர்ஹுஸ், செப்டம்பர் 5

அன்புள்ள தம்பிக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். விமானத்தில் முழங்காலை மடக்க இடமில்லை. அதுவே அதற்கு வைத்தியமாக அமைந்துவிட்டது. நீயும் மாடி அறையும் நலமா?

இன்று காலை டென்மார்க்காரர்களுடன் ஒப்பந்தம் கையெழுத்தானது. மூன்று ஆண்டுகளுக்கு. ஜூலையில் எண்பத்திரண்டு வந்ததற்காக எனக்கு ஒரு சான்றிதழும் மீன் ரொட்டியும் கொடுத்தார்கள். இரண்டில் சான்றிதழை மென்று தின்பது எளிதாக இருந்திருக்கும். இவர்களுக்கு எதற்கு ஷட்டர் என்று பல ஆண்டுகளாக யோசித்திருக்கிறேன். ஜூனில் இரவு பதினொரு மணிக்கும் வெளிச்சம் இருக்குமாம். பாவம், இரவில்தான் தூங்குகிறார்கள்.

மீட்டர் படிக்க வந்த பிர்கிட் அம்மாளின் அறிக்கையைக் காட்டினார்கள். தமாஷாக எழுதியதாகத் தெரியவில்லை. "பிற்பகல் மூன்று மணிக்கு நகரத்தில் மனித நடமாட்டம் இல்லை. எல்லா ஜன்னல்களும் மூடியிருந்தன. நகரம் காலி செய்யப்பட்டதாகக் கருதி ரயில் நிலையத்துக்குத் திரும்ப எண்ணினேன். ஒரு கட்டடத்திலிருந்து மட்டும் இயந்திர ஓசையும் பெண்கள் பாடும் சத்தமும் கேட்டன. உள்ளே விழிப்புடன் ஒரு ஆண் இருந்தார்."

விழிப்புடன் என்ற சொல்லுக்குக் கீழே நான் கோடு போட்டிருக்கிறேன்.

உன் நான்கு வாரம் ஜூலை இருபத்தெட்டாம் தேதி முடிந்தது. எழுத்தில் வராத விஷயம் என்பதால் நான் பேசவில்லை.

பதினைந்தாம் தேதி ஊர் திரும்புவேன். ஆகஸ்ட் மீட்டரை எழுது.

அக்கா
தொனாத்தா


தொர்ரெசெக்கா, செப்டம்பர் 10

அன்புள்ள அக்காவுக்கு,

உன் மேஜையில், நம் தொழிற்சாலைத் தாளில் எழுதுகிறேன். வேறு தாள் கைவசம் இல்லை.

நலம். ஆகஸ்ட் மீட்டர் எண்பத்து நான்கு. நடுவில் திருவிழா விடுமுறையில் தொழிற்சாலையைப் பூட்டியிருந்தோம். அந்த நாட்களைக் கழித்தும் எண்பத்து மூன்று. இந்த முறை தூங்கிய நேரத்தைக் கழித்தே கணக்குப் போட்டேன்.

கதால்தோ திங்கள்கிழமை மூன்று மணிக்கு ஓவன் வாசலில் வந்து நின்றான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"என்ன அண்ணே, இந்த நேரத்துல?"

"தூக்கமே வரல தம்பி. ரெண்டு மாசமாப் பொரண்டு பொரண்டு படுக்குறேன். வீடு அமைதியாக் கெடக்கு."

"அமைதியா இருந்தா நல்லதுதானே?"

"அந்தத் தட்டுச் சத்தம் இல்லாம எனக்குக் கண்ணு மூட மாட்டேங்குது."

நுன்சியா ஓவனுக்குள் பட்டையைத் தள்ளிக்கொண்டே, "அப்ப ஒரு கையுறைய எடுத்து மாட்டிக்கிட்டு இந்தப் பக்கம் வா" என்றாள். மாட்டிக்கொண்டான். மறுநாளும் வந்தான். மதிய வேலைக்குப் பெயர் கொடுத்தவர்கள் இப்போது பத்தொன்பது பேர். ஜாக்கினோ கொடுக்கவில்லை.

மதியத்தில் எனக்குக் கண் அசருவது நின்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் உண்டு. பாதுகாப்புக் கோப்பில் திருத்தம் சேர்த்துவிட்டேன்.

அன்புத் தம்பி
திரிஃபோனே

பி.கு.: மான்ஹைமிலிருந்து லாரி வெள்ளிக்கிழமை வந்தது. கட்டில் ஒன்று, பீரோ ஒன்று, புத்தகப் பெட்டிகள் பதினொன்று. கார் நிறுத்துமிடத்தில் லாரி நிற்க இடமில்லாததால், தோன் ருஜ்ஜேரோவின் அனுமதியுடன் ஆறு தட்டுத் தக்காளி சர்ச் கூரைக்கு மாற்றப்பட்டது.